எல்லாம் நார்மல்

மார்ச் 4, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. டாக்டர் எஸ்தர் அதை என் மேசையில் வைத்து, "வாயத் தொறந்துதான் பேச மாட்ட. இதுலயாவது பேசு" என்றார். ஜனவரியும் பிப்ரவரியும் வெள்ளையாகக் கிடக்கின்றன.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. என் பெயர் சண்முகக்கனி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பாளையங்கோட்டையில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். விந்தணுப் பரிசோதனைதான் என் வேலை. கோவில்பட்டியில் அம்மா தெருவில் எல்லோரிடமும், "எம்மவ ரத்தம் டெஸ்ட் பண்ணுதா" என்று சொல்லிவைத்திருக்கிறாள். நானும் மறுத்ததில்லை.

இன்று வள்ளியூர்க்காரர் ஒருவர் பரிசோதனைக்கான டப்பாவை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக் கொண்டுவந்தார். உடம்புச் சூட்டிலேயே வர வேண்டியது. உள்ளே அணுக்கள் எல்லாம் செத்துப்போயிருந்தன. ரிசப்ஷன் பிலோமினா அக்கா அவரிடம் பொறுமையாகக் கேட்டார், "ஏன் அண்ணாச்சி ஐஸ்ல வச்சீய?"

"மீனுன்னாலும் பாலுன்னாலும் ஐஸ்லதானம்மா கெடாம இருக்கும்?"

பிலோமினா அக்கா தும்முவது போலத் திரும்பிக்கொண்டார். வள்ளியூர்க்காரர் பாவம், மறுபடி வர வேண்டும். மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறாராம்.

விடுதியில் இன்றும் ரசம்தான்.

மார்ச் 6, புதன்

எங்கள் லேபுக்கும் மாதிரி கொடுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் சுவரில் ஒரு சின்ன மரக்கதவு உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து டப்பாவை வைத்துவிட்டு மணியை அழுத்துவார்கள். நான் இந்தப் பக்கம் திறந்து எடுத்துக்கொள்வேன். ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. அவரும் என்னைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கதவுதான்.

இன்று எடுத்த டப்பாவில், ப. சுடலைமணி, சங்கரன்கோவில் என்று ஒட்டியிருந்தது.

சங்கரன்கோவிலில் எத்தனையோ சுடலைமணிகள் இருப்பார்கள்.

மார்ச் 7, வியாழன்

அவர்தான். வயதும் அப்பா பெயரும் சரியாக இருக்கின்றன. என் அக்கா மாரிச்செல்வியின் கணவராக இருந்தவர். ஆறு வருடங்களுக்கு முன்பு, பிள்ளை இல்லை என்று அக்காவை அனுப்பிவிட்டார்கள். பிறகு கோர்ட்டில் எழுதி முடித்து அவருக்கு மறுகல்யாணம் செய்தார்கள்.

எனக்கு அவர் மேல் இப்போது கோபமும் இல்லை, எதுவும் இல்லை. வீட்டில் அவர் பேச்சை எடுப்பதில்லை. அவ்வளவுதான்.

பிலோமினா அக்கா சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். கூட வந்த பெண்ணின் பெயர் ஜெயக்கொடியாம். எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டார்களாம், ஒரு குறையும் இல்லையாம். "மாமியாக்காரி சித்திரை வரைக்கும்தான் தவணை குடுத்துருக்காளாம். அதுக்குள்ள வயித்துல நிக்கலைன்னா பொறந்த வீட்டுக்குப் பெட்டியக் கட்டச் சொல்லிட்டாளாம். அந்தப் புள்ள எங்கிட்டச் சிரிச்சுக்கிட்டே சொல்லுது, கனி. அழுதுருந்தாக்கூட எனக்குத் தாங்கிருக்கும்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. கத்தரிக்காயில் காரம் அதிகம்.

அந்த மாமியாரை எனக்குத் தெரியும். முன்பு மாமா எடுத்த விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்ததை லேமினேட் செய்து கைப்பையில் வைத்திருந்தார். கல்யாண வீடு, சடங்கு வீடு, எங்கே போனாலும் யாராவது "விசேஷம் உண்டா?" என்று கேட்டால் அதை எடுத்து நீட்டுவார். "எம்புள்ள நார்மல். பாத்துக்கிடுங்க." ஒரு சடங்கு வீட்டில் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே நீட்டினார். அக்கா பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

மார்ச் 8, வெள்ளி

இன்கியுபேட்டரைக் கழுவினேன். ஸ்லைடுகளைத் துடைத்து அடுக்கினேன். வேலை எதுவும் மிச்சமில்லாமல் போன பிறகும் அங்கேயே இருந்தேன்.

புதன்கிழமை பார்த்ததை எழுதவில்லை. அவருடைய மாதிரியில் எண்ணிக்கை நன்றாக இருந்தது. ஓட்டமும் நன்றாக இருந்தது. யார் எண்ணினாலும் நார்மல் என்றுதான் போடுவார்கள். ஆனால் ஓரத்தில் சில அணுக்கள் வாலோடு வால் ஒட்டிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தன. ஒன்று இந்தப் பக்கம் இழுக்க, மற்றது அந்தப் பக்கம் இழுக்க, இடத்தைவிட்டு நகராமல். இன்னோர் இடத்திலும் அப்படி. இப்படிக் கொஞ்சம் எல்லோரிடமும் இருக்கும். ரிப்போர்ட்டில் 'லேசான ஒட்டல்' என்று எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடிபட்டதா, ஆபரேஷன் நடந்ததா என்ற கேள்விக்கு மாமா 'இல்லை' என்று சொல்லியிருக்கிறார். அதனால் மேற்கொண்டு எதுவும் வேண்டாம் என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் அடிபட்டிருக்கிறது. எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

மாமா சங்கரன்கோவில் டீமில் விக்கெட் கீப்பர். கார்க் பாலில்தான் ஆட்டம். அடிபடாமல் காக்கும் கார்டு போடாமல் நிற்பதுதான் வீரம் என்று நினைத்த கூட்டம் அது. கல்யாணத்துக்கு முந்தின கோடையில் ஒரு பந்து எகிறிவந்து படக் கூடாத இடத்தில் அடித்து, அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்களாம். வீங்கிப்போய் பெஞ்சில் கவிழ்ந்து கிடந்தாராம். கல்யாணத்தன்று அவருடைய கூட்டாளிகள் மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். "எங்க கீப்பரு பந்தக் கையாலயும் பிடிப்பாரு, மத்ததாலயும் பிடிப்பாரு! பொண்ணு வீட்டுக்காரங்க பயப்படாதீய, டாக்டர் பாத்து ஓகே சொல்லிட்டாரு!" மண்டபமே சிரித்தது. மாமா முகத்தை மாலைக்குள் புதைத்துக்கொண்டார். அக்கா குனிந்த தலையோடு தோள் குலுங்கச் சிரித்தது எனக்கு இன்னும் தெரிகிறது. நான் அப்போது பத்தாம் வகுப்பு. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமலே நானும் சிரித்தேன்.

அந்த மண்டபத்துக்கு வெளியே ரோஸ்மில்க் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவ்வளவு நல்ல ரோஸ்மில்க் நான் குடித்ததில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஊருக்கு வந்தேன். அக்கா கடலைமிட்டாய் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு மேற்பார்வை. ஞாயிற்றுக்கிழமையும் அவள் சேலையில் வெல்லப்பாகு வாசனை இருக்கிறது. துணி துவைத்துக்கொண்டிருந்தோம்.

"என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"யாரையாவது பிடிச்சுருக்கா? சொல்லிரு. அம்மாகிட்ட நான் பேசுதேன்."

"போக்கா."

"அப்ப வேலையில திட்டு வாங்கிருக்க."

"அதுவும் இல்ல."

"பின்ன என்னத்த? மைக்ராஸ்கோப்ப உடைச்சுட்டியா?" என்று சொல்லி என் மேல் நுரையை வீசினாள்.

சொல்லவில்லை. சொல்லக் கூடாது. வேலையில் சேரும்போது, வந்தவர்கள் விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்ற தாளில்தான் முதலில் கையெழுத்து வாங்கினார்கள்.

மத்தியானம் அக்கா தூங்கும்போது பழையதெல்லாம் ஓடியது. பள்ளி விடுமுறைக்குச் சங்கரன்கோவில் போனால், மாமா பார்சல் ஆபீஸிலிருந்து வரும்போதே வாசலில் நின்று, "புரொபசர் வந்தாச்சா?" என்பார். எனக்கு வைத்த பேர் அது. அக்கா மாவு ஆட்டத் தொடங்கியதும் அதை ஒரு விரலில் தொட்டு என் மூக்கில் வைப்பார். அப்பா இல்லாத வீட்டிலிருந்து போன எனக்கு, ஓர் ஆண் வீட்டுக்குள் இவ்வளவு சத்தமாகச் சிரிப்பது புதிதாக இருந்தது. கல்லூரிக்கு எங்கே எப்படி விண்ணப்பிப்பது என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? அவர்தான் லீவு போட்டுவிட்டு என்னோடு வரிசையில் நின்றார். வெயிலில் நின்றுகொண்டே கேட்டார், "இந்தப் படிப்புல என்ன பாப்பீய?"

"கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பாக்கலாம் மாமா."

"அப்ப மொதல்ல எங்கம்மா மனசப் பாத்துச் சொல்லு."

சீட்டு கிடைத்த அன்று ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தார். வார் அறுந்து அறுந்து மாற்றியிருக்கிறேன். வேறு வாட்ச் வாங்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

பேசிவிட்டேன்.

டாக்டர் எஸ்தர் அறைக்கு வெளியே மூன்று தடவை போய்த் திரும்பினேன். கடைசியில் அவரே கூப்பிட்டார், "என்ன கனி, பூனை மாதிரி சுத்துத?"

"மேடம், சங்கரன்கோவில் கேஸ். சுடலைமணி. அவருக்கு அடிபட்டுருக்கு மேடம். கிரிக்கெட் பந்து. அங்கேயேதான்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எங்க அக்கா வீட்டுக்காரரா இருந்தவர் மேடம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கோபிப்பார் என்று நினைத்தேன். "உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். நான் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு அவர் விளக்கினார். அந்த இடத்தில் பலமாக அடிபட்டால், உள்ளே விந்தணுவும் ரத்தமும் கலந்துவிட வாய்ப்புண்டு. ரத்தத்தில் இருக்கும் காவல்காரர்களுக்கு விந்தணு யாரென்று தெரியாது. அந்நியன் என்று நினைத்து ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து அதன் மேல் ஒட்ட வைத்துவிடுவார்கள். அணு உயிரோடு இருக்கும், ஓடும். எண்ணிப் பார்த்தால் நார்மல். ஆனால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது.

"இப்ப எடுக்க வேண்டியது ஆன்டிபாடி டெஸ்ட். நானே கூப்பிட்டு அவர்கிட்ட மறுபடி கேக்கேன். நீ சொன்னதா வராது. டெஸ்ட்ட நீயும் எண்ணு, நானும் தனியா எண்ணுவேன். உன் சொந்தக்காரங்க விஷயத்துல ஒரு கண்ணு போதாது. அக்காகிட்ட மூச்சு விடாத, என்ன?"

"சரி மேடம்."

வெளியே வந்து பாத்ரூமில் முகம் கழுவினேன்.

மார்ச் 13, புதன்

டெஸ்ட்டுக்கான மருந்து சென்னையிலிருந்து வர வேண்டும். வள்ளியூர் மீன்கடைக்காரர் இன்று இங்கேயே வந்து கொடுத்தார். நன்றாக இருக்கிறது.

மார்ச் 18, திங்கள்

காலையில் மணி அடித்தது. மரக்கதவைத் திறந்தேன். அந்தப் பக்கக் கதவு சரியாகச் சாத்தவில்லை. ஒரு கை மட்டும் தெரிந்தது. சுண்டுவிரல் கோணல். அதுவும் பந்து பட்டுத்தான் கோணியது. நான் டப்பாவை எடுத்துக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்தினேன்.

இந்தச் சோதனை செய்வதற்குச் சின்னதுதான். ஸ்லைடில் ஒரு சொட்டு மாதிரி, பக்கத்தில் மணல்போல நுண்ணிய உருண்டைகள் கலந்த ஒரு சொட்டு, அதோடு ஒட்டவைக்கும் மருந்து ஒரு சொட்டு. கலந்து மூடிவிட்டு, சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். அணுவின் மேல் ஆன்டிபாடி இல்லையென்றால் அது உருண்டைகளுக்கு நடுவே நழுவி ஓடிவிடும். இருந்தால் உருண்டைகள் அதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டியிருக்கக் கூடாது என்று நினைத்தேனா, ஒட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தேனா? இரண்டையும் நினைத்தேன்.

ஒட்டியிருந்தன. தலையில், வாலில், கொத்துக் கொத்தாக. ஓடும் அணுக்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் உருண்டைகளைச் சுமந்துகொண்டு தடுமாறின. பாதிக்கு மேல் போனாலே பிரச்சினை என்றுதான் எங்களுக்குக் கணக்கு. டாக்டர் வந்து தனியாக எண்ணினார். என்னிடம் அவர் எண்ணைக் காட்டினார். நான் என்னுடையதைக் காட்டினேன். பெரிய வித்தியாசம் இல்லை.

"ஆறு வருஷமா உங்கக்கா..." என்று தொடங்கிய டாக்டர் நிறுத்திக்கொண்டார். என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார்.

ஸ்லைடுகளை அப்புறப்படுத்தினேன். யார் மேலும் கோபம் வரவில்லை. அந்த மண்டபத்தின் சிரிப்புச் சத்தம் மட்டும் காதில் கேட்டுக்கொண்டேயிருந்தது.

மார்ச் 19, செவ்வாய்

மாமாவையும் ஜெயக்கொடியையும் உட்கார வைத்து டாக்டர் சொல்லிவிட்டார். வழி இருக்கிறதாம். அணுக்களைக் கழுவிக் கருப்பைக்குள் வைத்துப் பார்க்கலாம், அது பலிக்காவிட்டால் ஊசியால் ஒரே ஒரு அணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தலாம்.

சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஜூஸ் கடை. ஜெயக்கொடி கையில் எலுமிச்சை ஜூஸோடு உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவர் நின்றுகொண்டிருந்தார். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். முடி முன்பக்கம் கொட்டியிருந்தது.

"புரொபசர்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

"நல்லாருக்கீயளா மாமா?"

"நீதான் பாத்தியா? என்னோடத?"

தலையாட்டினேன். இருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவர் ரோட்டைப் பார்த்தார், நான் எலுமிச்சம்பழங்களைப் பார்த்தேன்.

"மாரிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லக் கூடாது மாமா. வேலையில கட்டுப்பாடு."

"ம்."

"ஆனா நீங்க சொல்லலாம்."

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியம். ஜெயக்கொடி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "சொல்லுங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

மார்ச் 22, வெள்ளி

விடுதியில் தண்ணீர் வரவில்லை. துணி எல்லாம் ஊறிக் கிடக்கிறது.

மார்ச் 25, திங்கள்

நேற்று ஊருக்குப் போயிருந்தபோது நடந்ததை எழுத வேண்டும்.

காலையில் மாமா கோவில்பட்டி வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அம்மா பார்த்ததும், "இங்க என்னத்துக்கு வந்தீய? செத்தோமா இருக்கோமான்னு பாக்கவா?" என்று கத்தினாள். அக்கா உள்ளிருந்து ஈரக்கையோடு வந்தாள். ஆறு வருடங்களுக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"அம்மா, நீ சும்மா இரு. என்ன விஷயம்? சொல்லுங்க."

அவர் சொன்னார். நிறுத்தி நிறுத்தி, எச்சில் விழுங்கி. பந்து அடித்ததையும், டெஸ்ட் எடுத்ததையும், டாக்டர் சொன்னதையும். "குறை எங்கிட்டதான் மாரி. அப்பவும் அதுதான். உனக்கு ஒண்ணுமில்ல. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "உங்கம்மாகிட்ட சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல."

"அந்தப் புள்ளய எப்ப அனுப்பப் போறாவ?"

அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

"சித்திரைன்னு தவணை குடுத்துருப்பாவளே. எனக்கும் அதே சித்திரைதான். இங்க வந்து எங்கிட்டச் சொல்லி என்ன ஆவப்போவுது? நான் வெளிய வந்து ஆறு வருஷம் ஆச்சு. உள்ள இருக்கவள்ட்டல்லா சொல்லணும். அவ முன்னாடி, உங்கம்மாகிட்ட."

"சொல்லுவேன் மாரி."

"சொல்ல மாட்டீய. உங்கம்மா 'ஏல'ன்னு கூப்பிட்டா உங்களுக்கு நாக்கு உள்ள போயிரும். எனக்குத் தெரியாதா? கனி, செருப்ப மாட்டு."

அம்மா வாசலை மறித்தாள். "அந்த வீட்டுப் படிய மிதிக்கப் போறியாட்டி? மானம் ரோசம் இல்லையா உனக்கு?"

"எனக்காகப் போகலம்மா" என்றாள் அக்கா.

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அவர் முன்னால் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார்.

சங்கரன்கோவில் வீட்டில் கூடத்துச் சுவர் பச்சையிலிருந்து மஞ்சளாகியிருந்தது. மாமாவின் அம்மா, அத்தை, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. ஜெயக்கொடி அடுப்படி நிலையில் வந்து நின்றாள். அக்கா உட்காரவில்லை. அவரை மட்டும் பார்த்தாள்.

அவர் சொன்னார். இந்தத் தடவை இன்னும் திக்கியது. ஆனால் சொல்லி முடித்தார்.

அத்தை என்னைத்தான் முதலில் பார்த்தார். "எந்த ஆசுபத்திரியில? இவ வேல பாக்க எடத்துலயா? அப்ப இதெல்லாம் இவ செஞ்ச வேல! அக்காளுக்காக மாத்தி எழுதிட்டா! எம்புள்ளய கொறப்புள்ளன்னு ஊரெல்லாம் சொல்ல வைக்கதுக்கு அக்காளும் தங்கச்சியும் திட்டம் போட்டு..."

நான் கற்ற எதுவும் அப்போது உதவிக்கு வரவில்லை.

"யம்மா!" என்றார் அவர். அந்தக் குரலை அந்த வீட்டில் நான் கேட்டதேயில்லை. "டாக்டரம்மா தனியா எண்ணிருக்காவ. வேணும்னா மெட்ராஸ் போய்க்கூட எடுக்கேன், ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன். அதே தான் வரும். குறை எனக்கு. ஜெயக்கொடி எங்கயும் போக மாட்டா. போவணும்னா நானும் அவளும் சேந்து போவோம்."

கீரைக் காம்புகள் அத்தையின் மடியிலிருந்து சரிந்தன. அவர் அக்காவை ஏறிட்டுப் பார்த்தார். "அப்ப ஒன்னய..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. முகம் சட்டென்று வயதாகிவிட்டது போல இருந்தது.

"ஆமா அத்தை" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

ஜெயக்கொடி உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினாள். "உக்காருங்கக்கா. வெயில்ல வந்துருக்கீய." அக்கா வாங்கிக் குடித்தாள். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண்ணின் கையை ஒரு நொடி பிடித்துக்கொண்டாள். "டாக்டர் சொல்லுத தேதிக்குத் தவறாமப் போ. இவரை நம்பிராத, நீயே ஞாபகம் வச்சுக்கோ" என்றாள். ஜெயக்கொடி சிரித்தாள். இந்தச் சிரிப்புக்குப் பின்னாலேயே கண் நிறைந்தது.

அவர் பஸ் நிலையம்வரை வருவதாகச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். நாங்கள் இரண்டு தெரு தள்ளி நடந்த பிறகு, "அவர்ட்ட நீ பேசணும்னா பேசிக்கோ கனி" என்றாள். "எனக்கும் அவருக்கும்தான் எழுதி முடிச்சது. உனக்கு இல்ல."

இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அக்கா கம்பியில் தலை சாய்த்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர் தாண்டிக் கரிசல் காடு தொடங்கியது. அப்போதுதான் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள். சின்னப் பிள்ளையின் குரல் அது.

"எனக்கு ஒண்ணுமில்லதானே கனி?"

"ஒண்ணுமில்லக்கா."

"நீ படிச்சவல்லா, சரியாச் சொல்லு."

"அப்ப எடுத்த அத்தனை டெஸ்டையும் நான் பாத்துருக்கேன். ஒனக்கு ஒரு குறையும் இல்ல."

பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். கழுகுமலை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.